ஸ்லாட் ஏ.டி. ‘முடிந்தது’ என்றிருக்கிறது, ஆடிட்டர் ‘ஓப்பன்’ என்கிறார் – உடனே உதவி வேண்டும்

பனிமூட்டம்_கோத்தகிரி – இரவு 8.10
வணக்கம், அவசரம். இறக்கையின் முன்விளிம்பில் வெளியே நீண்டு உள்ளே போகும் ஸ்லாட் (slat) என்ற தகடு சம்பந்தப்பட்ட ஏ.டி. (கட்டாயப் பாதுகாப்பு உத்தரவு) ஒன்று. எங்கள் பட்டியலில் ‘முடிந்தது’ என்று இருக்கிறது. குத்தகை முடிந்து விமானத்தைத் திருப்பித் தருகிறோம். வாங்கிக்கொள்பவர்களின் ஆடிட்டர் அதைச் சிவப்பில் ‘ஓப்பன்’, அதாவது இன்னும் முடியவில்லை, என்று மாற்றி அனுப்பிவிட்டார். செய்த வேலையைப் பதிவு செய்யும் டாஸ்க் கார்டு இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, சீல் இருக்கிறது. இதற்கு மேல் என்ன கேட்கிறார்? காலைக்குள் பதில் தர வேண்டும். இங்கே மதியத்திலிருந்து மழை, கரண்ட் போய்ப் போய் வருகிறது. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ரிவெட்_சத்தம் – 8.19
எந்த விமானம்? போயிங்கா, ஏர்பஸ்ஸா? ஏ.டி. எதைப் பற்றியது? ஒரே தடவையில் முடிகிற வேலையா, குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியதா? ஆடிட்டர் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறார், அப்படியே தட்டச்சு செய்து போடுங்கள்.

டேட்டா_மூட்டை – 8.24
எனக்குப் பார்த்தவுடனே தெரிகிறது. பழைய ஏ.டி.யை ரத்து செய்து அதே விஷயத்துக்குப் புது எண்ணில் இன்னொன்று வந்திருக்கும். உங்கள் மென்பொருள் பழைய எண்ணை மூடி வைத்திருக்கிறது, ஆடிட்டர் புது எண்ணைத் தேடுகிறார். பத்துக்கு எட்டு இப்படித்தான் இருக்கும். எண்ணை மாற்றிப் போட்டால் தீர்ந்தது.

வெலிங்டன்_வெட்டரன் – 8.31
எண்ணை மாற்றிப் போட்டால் தீராது. தம்பி, ஏ.டி. என்றால் என்ன என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும். தயாரிப்பாளர் அனுப்பும் சர்வீஸ் புல்லட்டின் ஆலோசனை. அதையே அரசு அமைப்பு ஏ.டி.யாக்கினால் கட்டாயம். போயிங் என்றால் அமெரிக்காவின் எஃப்.ஏ.ஏ., ஏர்பஸ் என்றால் ஐரோப்பாவின் ஈ.ஏ.எஸ்.ஏ. வெளியிடும். இந்தியாவில் பதிவான விமானத்துக்கும் அது செல்லும், நம் விமானப் போக்குவரத்து அமைப்பான டி.ஜி.சி.ஏ. அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நான் சூலூரில் சர்வீஸ் முடித்தவன். சீல் இருக்கிறது என்று யாராவது சொன்னால், எந்த வேலைக்கு, எந்த இடத்துக்கு என்றுதான் நாங்கள் முதலில் கேட்போம். இப்போது பிள்ளைகள் திரையில் பச்சை வந்தால் போதும் என்று நினைக்கிறார்கள்.

பனிமூட்டம்_கோத்தகிரி – 8.40
தம்பி இல்லை சார், தங்கை. 737-800. ஸ்லாட் மெயின் ட்ராக்கின் கடைசியில் இருக்கும் டவுன்ஸ்டாப் சம்பந்தப்பட்டது. கம்பெனி பெயர், வால் எண் இங்கே போட முடியாது. கரண்ட் போகிறது, வருகிறேன்.

வெலிங்டன்_வெட்டரன் – 8.52
சரி அம்மா. டவுன்ஸ்டாப் என்றால் அதன் கதையை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2007 ஆகஸ்ட் 20, ஒகினாவாவின் நாஹா விமான நிலையம். தைபேயிலிருந்து வந்த சைனா ஏர்லைன்ஸ் 737-800 இறங்கி, நிறுத்துமிடத்துக்கு வந்து நின்றது. வலது இறக்கையிலிருந்து எரிபொருள் கொட்டித் தீப்பிடித்துக்கொண்டது. உள்ளே இருந்த 165 பேரும் உயிரோடு வெளியேறினார்கள், விமானம் எரிந்து போயிற்று.

ஸ்லாட் உள்ளே இழுக்கப்படும்போது அதைத் தாங்கி நகரும் ட்ராக் என்ற தண்டு, இறக்கையின் முன் உத்தரமான ஸ்பாரைத் தாண்டி டேங்குக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குடுவைக்குள் போகும். குடுவையின் சுவருக்கு அந்தப் பக்கம் எரிபொருள். ட்ராக்கின் வால் பக்கம், அது வெளியே அதிகம் ஓடிவிடாமல் தடுக்க ஒரு போல்ட், நட்டு, வாஷர். இதுதான் டவுன்ஸ்டாப். நாஹா விமானத்தில் வாஷர் இல்லை. ட்ராக்கில் போல்ட் போகும் துளையை விட நட்டு சின்னது. வாஷர் இல்லாவிட்டால் நட்டும் போல்ட்டும் மொத்தமாகக் கழன்று குடுவைக்குள் விழுந்துவிடும். விழுந்தது. இறங்கிய பிறகு ஸ்லாட்டை உள்ளே இழுத்தபோது ட்ராக் அந்த போல்ட்டைத் தள்ளிக் குடுவையைக் குத்திக் கிழித்தது. ஆகஸ்ட் 25இல் எஃப்.ஏ.ஏ. அவசர ஏ.டி. போட்டது. சோதித்துப் பார்த்த வேறு விமானங்களிலும் கழன்ற பாகங்கள் கிடைத்ததால் 28ஆம் தேதியே இன்னொன்று வந்தது. அதில் சோதனைக்கு 10 நாள்தான் கெடு.

கூடலூர்_தேயிலை – 9.05
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், எனக்கு இந்தத் தொழில் தெரியாது. அக்கா நாளை மறுநாள் கோவையிலிருந்து டெல்லி போகிறாள். டேங்கில் ஓட்டை, தீ என்றெல்லாம் எழுதுகிறீர்கள். ஆபத்து என்று தெரிந்த பிறகு 10 நாள் கெடு எதற்கு? அந்த நாட்களில் ஏறுகிறவர்கள் மனிதர்கள் இல்லையா? அன்றைக்கே நிறுத்த வேண்டாமா?

ரிவெட்_சத்தம் – 9.16
நியாயமான கேள்வி. எல்லா ஏ.டி.க்கும் ஒரே கெடு கிடையாது. 2019இல் 737 என்.ஜி. (737-800 சேர்ந்த தலைமுறை) விமானங்களில், இறக்கையை உடலோடு பிணைக்கும் ‘பிக்கிள் ஃபோர்க்’ என்ற பாகத்தில் விரிசல் கண்டார்கள். 30,000 தடவைக்கு மேல் ஏறி இறங்கிய விமானத்துக்கு 7 நாள். 22,600க்கும் 30,000க்கும் நடுவில் இருந்தவற்றுக்கு அடுத்த 1,000 பறப்புக்குள். விரிசல் எவ்வளவு வேகமாக வளரும், அந்தப் பாகம் போனாலும் மீதி எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் கெடு வைக்கிறார்கள். உங்கள் அக்கா தைரியமாகப் போகலாம்.

ஊசியிலை_காடு – 9.22
ரிவெட் சார், முழுவதும் அப்படிச் சொல்ல வேண்டாம். மாற்றுவதற்குப் பாகம் கிடைக்குமா, ஹாங்கரில் இடம் இருக்குமா என்பதையும் பார்த்துத்தான் கெடு வைக்கிறார்கள். பயணிகளிடம் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ரிவெட்_சத்தம் – 9.27
பார்க்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஆபத்து அந்த அளவைத் தாண்டினால் பாகம் இல்லை என்பதற்காக யாரும் கெடுவை நீட்டுவதில்லை. 2025 நவம்பர் கடைசியில் ஏர்பஸ் ஏ320 குடும்பத்துக்கு வந்ததே, விமானத்தைச் சாய்க்கிற ஏலரானையும் மூக்கை ஏற்றி இறக்குகிற எலிவேட்டரையும் இயக்கும் கணினிக்கு? ‘அடுத்த தடவை பறப்பதற்கு முன்’ என்று போட்டார்கள். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான விமானங்கள். வார இறுதியில் இரவெல்லாம் வேலை நடந்தது. இந்தியாவிலும்தான்.

வெலிங்டன்_வெட்டரன் – 9.35
அவசரப்படுத்துவதிலும் ஆபத்து இருக்கிறது, கூடலூர்க்காரர் இதைக் கவனிக்க வேண்டும். நாஹாவில் அந்த வாஷர் எப்போது விட்டுப்போனது தெரியுமா? நட்டு தளர்கிறது என்று போயிங் 2005இலேயே சர்வீஸ் லெட்டர் அனுப்பியது. அதன்படி நட்டு கழலாமல் இருக்கச் செய்த வேலையில்தான், விபத்துக்குச் சில வாரங்களுக்கு முன், வாஷர் விட்டுப்போனது. கண்ணால் நேராகப் பார்க்க முடியாத குறுகலான இடம், கையை விட்டுத் தடவித்தான் வேலை செய்ய வேண்டும். ‘உடனே செய்’ என்று உலகத்திலுள்ள எல்லா ஹாங்கரையும் ஒரே இரவில் விரட்டினால் எத்தனை வாஷர் விட்டுப்போகும்?

கூடலூர்_தேயிலை – 9.41
புரிகிறது சார். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

ஊசியிலை_காடு – 9.44
கேட்காது. 2019 ஜூனிலும் ஸ்லாட் ட்ராக் பிரச்சினை வந்தது. ஒரு தொகுதியில் செய்த 148 பாகங்கள் சரியாகத் தயாராகவில்லை, சீக்கிரம் விரிசல் விடலாம் என்றார்கள். 312 விமானங்களைப் பட்டியல் போட்டு 10 நாள் கெடு வைத்தார்கள். முழுதாக உடைந்தாலும் விமானம் விழாது என்று எஃப்.ஏ.ஏ. சொன்னது. அதே அறிக்கையில், உடைந்த பாகம் பறக்கும்போது விமானத்தைச் சேதப்படுத்தலாம் என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

பனிமூட்டம்_கோத்தகிரி – 9.58
கரண்ட் வந்துவிட்டது. டேட்டா_மூட்டை சொன்னபடி பார்த்தேன், ஏ.டி. எண் ஒன்றேதான், ரத்தாகவில்லை. ஆடிட்டர் குறிப்பு இது: ‘ஸ்லாட் எண் 5, ஆதாரம் போதாது.’ மற்ற ஏழு ஸ்லாட்டையும் ஏற்றுக்கொண்டார். கார்டு ஒன்றுதான், எட்டுக்கும் சேர்த்துத்தான் கையெழுத்து. இதுதான் எனக்குப் புரியவில்லை.

டேட்டா_மூட்டை – 10.04
அப்படியானால் சின்ன விஷயம். கார்டின் கீழே ‘1 முதல் 8 வரை எல்லா ஸ்லாட்டுக்கும்’ என்று ஒரு வரி சேர்த்து, வேலை செய்தவரிடம் இன்னொரு கையெழுத்து வாங்கி ஸ்கேன் செய்து அனுப்புங்கள். ஆடிட்டர் விட்டுவிடுவார்.

வெலிங்டன்_வெட்டரன் – 10.07
இதை மட்டும் செய்யாதே அம்மா. முடிந்துபோன கார்டில் இன்றைக்கு ஒரு வரி சேர்ப்பது பொய்க் கையெழுத்து. கண்டுபிடித்தால் அந்த ஆளின் லைசென்ஸ் போய்விடும். கண்டுபிடிக்காவிட்டால் அதை நம்பி ஒருவர் அந்த இறக்கையைத் திறக்காமலே விடுவார். டேட்டா_மூட்டை, இந்த மாதிரி யோசனையை இங்கே எழுதாதீர்கள். படிக்கிறவர்களில் வேலைக்குப் புதிதாக வந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

டேட்டா_மூட்டை – 10.12
நான் ஏமாற்றச் சொல்லவில்லை, விளக்கம் சேர்க்கத்தான் சொன்னேன்.

டார்க்_ரெஞ்ச் – 10.20
நான் அரவேணுக்காரன், வேலை ஹாங்கரில். தங்கச்சி, ஒரு கேள்வி. அந்தக் கார்டு போட்ட பிறகு 5ஆம் ஸ்லாட்டை எப்போதாவது மாற்றியிருக்கிறார்களா? பறவை அடித்தது, படிக்கட்டு வண்டி இடித்தது, இப்படி ஏதாவது? மாற்றியிருந்தால் ஸ்லாட் மட்டுமா, மெயின் ட்ராக்கும் சேர்த்தா?

பனிமூட்டம்_கோத்தகிரி – 10.33
பழைய லாக்கில் தேடினேன். பறவை அடித்திருக்கிறது அண்ணா. 5ஆம் ஸ்லாட்டை மாற்றியிருக்கிறார்கள், உள்பக்க மெயின் ட்ராக்கையும் சேர்த்து. கார்டுக்குப் பிறகுதான். ஆனால் அது வேறு வேலை, வேறு கார்டு. ஏ.டி.க்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

டார்க்_ரெஞ்ச் – 10.47
அதுதான் சம்பந்தம். இப்படி வைத்துக்கொள்ளுங்கள். எஃப்.சி. வாங்கிய பஸ்ஸுக்கு வேறொரு பஸ்ஸின் பிரேக் டிரம்மைக் கழற்றி மாட்டினால், பழைய எஃப்.சி. அந்த டிரம்மைப் பற்றி ஒன்றும் சொல்லாது. உங்கள் கார்டு அன்றைக்கு இறக்கையில் இருந்த எட்டு ஸ்லாட்டைப் பார்த்துப் போட்டது. அதில் ஒன்று இப்போது விமானத்தில் இல்லை. அதன் இடத்தில் இருக்கிற ட்ராக்கில் டவுன்ஸ்டாப் எப்படி மாட்டியிருக்கிறது, வாஷர் இருக்கிறதா, டார்க் (முடுக்கிய இறுக்கம்) சரியா என்று உங்கள் காகிதம் எதுவும் பேசவில்லை. ஆடிட்டர் சரியாகத்தான் கேட்கிறார்.

இப்போது செய்ய வேண்டியது: ஸ்லாட் மாற்றிய கார்டை எடுத்து, கழற்றியது எது, மாட்டியது எது, இரண்டின் பார்ட் எண், சீரியல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ட்ராக்குக்கு எண் தனி. மாட்டியதற்கு சி.ஏ. ஃபார்ம் 1, அதாவது பாகம் பயன்படுத்தத் தகுதியானது என்ற சான்று, இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால் அவர்களுடைய ஃபார்ம். அதில் 12ஆம் கட்டம்தான் குறிப்புகள் எழுதும் இடம், ஏ.டி. நிலை இருந்தால் அங்கேதான் இருக்கும். மாட்டும்போதே டவுன்ஸ்டாப்பை மாற்றி அசெம்பிள் செய்து, டார்க் வைத்து, போரஸ்கோப் (குறுகிய இடத்துக்குள் விட்டுப் பார்க்கும் குழாய்க் கேமரா) விட்டுப் பார்த்திருந்தால் அந்தக் கார்டே ஆதாரம், தேடிப் பாருங்கள். ஸ்டோரில் வாங்காமல் இன்னொரு விமானத்திலிருந்து ராபரி செய்திருந்தால், அதாவது கழற்றி எடுத்து மாட்டியிருந்தால், கழற்றிய அன்றைக்கு அந்த விமானத்தின் ஏ.டி. நிலை என்ன என்ற தாள் வேண்டும்.

இதில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் காகிதத்தைத் தேடுவதை நிறுத்திவிட்டு இறக்கையைத் திறக்கச் சொல்லுங்கள். போரஸ்கோப் விட்டு, டார்க் பார்த்து, இன்றைய தேதியில் புதுக் கார்டு. ஆள் தயாராக இருந்தால் ஒரு ஷிஃப்ட்டில் முடிகிற வேலை.

ரிவெட்_சத்தம் – 10.52
கவனித்தீர்களா, நாஹாவில் குடுவை கிழிந்ததும் இதே 5ஆம் ஸ்லாட், உள்பக்க மெயின் ட்ராக்கில்தான். தங்கச்சி, ஃபார்ம் கிடைத்தாலும் திறந்து பார்க்கச் சொல்வது நல்லது.

வெலிங்டன்_வெட்டரன் – 10.58
டார்க்_ரெஞ்ச் சொன்னதே சரி. இதைத்தான் நான் முதலிலேயே, எந்த இடத்துக்கு என்று கேட்டேன். பாகம் எங்கே போகிறதோ, அதன் காகிதமும் கூடவே போக வேண்டும்.

ஊசியிலை_காடு – 11.02
மாற்றியவர்கள் இதை அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். யாரும் கேட்காததால் குத்தகை முடியும் வரை இப்படியே பறந்திருக்கிறது. கூடலூர் நண்பர் கேட்ட கேள்விக்கு இந்த இடத்தில்தான் பதில் தேட வேண்டும், 10 நாள் கெடுவில் இல்லை.

பனிமூட்டம்_கோத்தகிரி – மறுநாள் பகல் 12.15
ஃபார்ம் கிடைத்தது, 12ஆம் கட்டத்தில் ஏ.டி. பற்றி ஒரு வரியும் இல்லை. மாட்டிய கார்டிலும் டவுன்ஸ்டாப் பற்றி இல்லை. எங்கள் பட்டியலில் நானே ‘ஓப்பன்’ என்று மாற்றிவிட்டேன். இன்று இரவு ஹாங்கரில் திறக்கிறார்கள். எல்லோருக்கும் நன்றி, டார்க் அண்ணாவுக்கு ரொம்ப நன்றி.

டார்க்_ரெஞ்ச் – 12.40
நல்லது. வாஷர் இருந்ததா என்று மட்டும் நாளைக்கு வந்து சொல்லுங்கள்.

கூடலூர்_தேயிலை – மாலை 6.05
நானும் அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன். அக்காவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன், டிக்கெட்டை ரத்து செய்யவில்லை.

டார்க்_ரெஞ்ச் – இரண்டு நாள் கழித்து, இரவு 9.30
தங்கச்சி, திறந்தார்களா?