ஸ்தோத்திரத்தோடு கேட்ட ஜெபங்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துபோன சமயம். எங்கள் குடும்ப ஜெபம் முழுக்க விண்ணப்பமாகவே இருந்தது. எழும்ப வேண்டும், நடக்க வேண்டும், பழையபடி ஆக வேண்டும். பிள்ளைகள் வேறு எதைக் கேட்பார்கள்? ஆனால் ஜெபம் முடிந்து எழும்பும்போது மனசு முன்னைவிடப் பாரமாக இருக்கும்.

ஒருநாள் சபையிலிருந்து வயதான ஓர் அம்மா பார்க்க வந்தார். கணவரை இழந்து தனியாக வாழ்கிறவர். கட்டிலருகே உட்கார்ந்து ஜெபித்தார். "ஆண்டவரே, இன்றைக்கு இவர்களால் ஒரு வாய் தண்ணீரைப் புரையேறாமல் விழுங்க முடிந்ததே, அதற்கு ஸ்தோத்திரம். துணி மாற்றிவிடுகிற மருமகளுக்காக ஸ்தோத்திரம். பிசியோதெரபி செய்ய வருகிற அந்தத் தம்பிக்காக ஸ்தோத்திரம்." ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், திடீரென்று குரல் உடைந்து, "கை இன்னும் வரவில்லையே ஆண்டவரே, எத்தனை நாளைக்கு?" என்று அழுதார்.

எனக்கு அது புதிது. நன்றி சொல்கிறவர் அழக்கூடாது, அழுதால் விசுவாசக் குறைவு என்றுதான் மனதில் பதிந்திருந்தது. அப்புறம் வேதத்தில் யோவான் சுவிசேஷம் 11-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். இறந்துபோன தம் சிநேகிதன் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விடுகிறார். கல்லை அகற்றியதும், "பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்கிறார். லாசரு அப்போது உயிரோடு எழும்பவில்லை, இன்னும் உள்ளேதான் கிடக்கிறான்!

இன்னொன்றும் நடந்தது. அண்ணிக்காக அந்த அம்மா ஸ்தோத்திரம் சொன்னபோதுதான், அதுவரை வீட்டில் யாருமே அண்ணிக்கு ஒரு நன்றி சொன்னதில்லை என்று எல்லோருக்கும் உறைத்தது. அன்றிரவு அண்ணன், "நீ தூங்கு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அம்மா பக்கத்தில் பாயைப் போட்டார். அம்மா இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். கை முழுதாக வரவில்லை. ஜெபத்தில் ஸ்தோத்திரம், கண்ணீர் இரண்டையும் சொல்கிறோம்.

* * *

அக்கா, நீங்கள் எழுதியதை வாசித்ததும் எனக்கு நடந்ததையும் சொல்லத் தோன்றியது. ஆட்குறைப்பில் என் வேலை போன அதே வாரம், அதே அலுவலகத்தில் வேலை தப்பிய ஒருவர் சபையில் சாட்சி சொன்னார். "எத்தனையோ பேரை அனுப்பிவிட்டார்கள், என்னைக் கர்த்தர் காத்தார்" என்றார். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். லூக்கா 18-இல் இயேசு சொன்ன கதையில், தன்னை நீதிமானாக எண்ணிய பரிசேயன் செய்ததும் ஸ்தோத்திர ஜெபம்தான். ஆனால் தூரத்தில் நின்ற ஆயக்காரனை, அதாவது வரி வசூலிக்கிறவனைச் சுட்டிக்காட்டித்தான் அவனால் நன்றி சொல்ல முடிந்தது.

வேலை தப்பிய இன்னொருவர் சாட்சி எதுவும் சொல்லவில்லை. மாலைதோறும் என்னோடு உட்கார்ந்து வேலை விண்ணப்பங்களைத் தயார் செய்து கொடுத்தார், தெரிந்தவர்களிடமெல்லாம் எனக்காகச் சொல்லி வைத்தார். உங்களுக்கு ஏன் இவ்வளவு சிரமம் என்று கேட்டேன். "எனக்குக் கிடைத்ததற்கு வேறு எப்படி நன்றி சொல்வது பிரதர்?" என்றார். நான் அறிந்த மிக நல்ல சாட்சி அதுதான்.

* * *

நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன். மகனை இழந்தபின் ஸ்தோத்திரம் என்ற சொல் என் வாயில் வரவில்லை. அடக்கம் முடிந்த அன்றே சிலர், "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்யச் சொல்லியிருக்கிறதே" என்று 1 தெசலோனிக்கேயர் 5:18-ஐ நினைவூட்டினார்கள். தயவுசெய்து யாருக்கும் அப்படிச் செய்யாதீர்கள். சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில் ஒரு ஜெபமாக இருக்கிறது என்பதுதான் என்னைத் தாங்கியது.

ஆராதனையில் எல்லோரும் துதிக்கும்போது நான் பேசாமல் அவர்களோடு நிற்கிறேன். போன வாரம், மகன் எங்களோடு இருந்த வருஷங்களுக்காக ஒரே ஒரு வார்த்தை சொல்ல முடிந்தது. அதற்குமேல் வரவில்லை. இந்த இடத்தைக் கடந்து வந்தவர்கள் இருந்தால், எப்படிக் கடந்தீர்கள் என்று எழுதுங்கள்.