டபிள்யூ கீ தானாகவே அழுந்துகிறது, அவசரம், உதவுங்கள்

தூத்துக்குடி_கேமர்: மேக்னெட்டிக் கீபோர்டு. நேற்றிலிருந்து கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-இல் டபிள்யூவை விட்ட பிறகும் ஆள் முன்னால் நடந்துகொண்டே போகிறான். சில நேரம் தொடாமலே நடக்கிறான். ராத்திரி மேட்ச் இருக்கிறது. என்ன செய்வது?

கீகேப்_பிரியன்: என்ன மாடல்? ஆக்சுவேஷன் (கீ எவ்வளவு இறங்கினால் அழுத்தியதாகக் கணக்கு என்ற அளவு) எத்தனை மி.மீ.? ரேபிட் டிரிகர் (விரல் கொஞ்சம் எழும்பியதுமே கீயை விட்டதாகக் கொள்ளும் வசதி) போட்டிருக்கிறீர்களா? வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தீர்களா?

பட்டறை_பாபு: தூசிதான் ப்ரோ, சந்தேகமே வேண்டாம். கீகேப்பைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டுத் துடையுங்கள். என் பழைய கீபோர்டில் அப்படித்தான் சரியானது.

சுவிட்ச்_வாத்தியார்: பாபு தம்பி, தூசி கதையெல்லாம் உலோகத் தொடுமுனை உள்ள மெக்கானிக்கல் கீபோர்டுக்கு. இதில் தொடுமுனையே கிடையாது. அடிப்படை தெரிந்துகொண்டு ஆலோசனை சொல்வது நல்லது. சுவிட்ச் தண்டின் அடியில் சின்னக் காந்தம், அதற்கு நேர் கீழே போர்டில் காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சார். கீ இறங்க இறங்கக் காந்தம் நெருங்கும், சென்சார் தரும் மின்னழுத்தம் மாறும். எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்த விளைவுதான். அந்த மின்னழுத்தத்தை ஃபர்ம்வேர் (கீபோர்டுக்குள்ளேயே ஓடும் நிரல்) எண்ணாக்கி, எண்ணை மி.மீ. ஆக்குகிறது. சும்மா இருக்கும்போது இவ்வளவு, அடியில் முட்டும்போது இவ்வளவு என்று கேலிபரேஷனில் பதிந்திருப்பதை வைத்துத்தான் இந்தக் கணக்கு. காந்தப்புலம் சீராகவும் ஏறாது. காந்தம் கிட்டே வரும்போது சட்டென ஏறும், மேலே இருக்கும்போது ஒவ்வொரு 0.1 மி.மீ.க்கும் கிடைக்கும் வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம்.

தூத்துக்குடி_கேமர்: ஆக்சுவேஷன் 0.1, ரேபிட் டிரிகரும் 0.1. எல்லோரும் அப்படித்தானே வைக்கிறார்கள்? மற்ற கீ எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

பட்டறை_பாபு: வாத்தியாரே, தூசி காந்தப்புலத்தை மறைக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தண்டு உரசிக்கொண்டு முழுதாக மேலே வராமல் நின்றால்? 0.1-இல் அதுவே போதுமே.

மொட்டைமாடி: போனைக் கீபோர்டின் இடதுபக்கம் ஒட்டி வைக்கிறீர்களா? பின்னால் காந்த வளையம் உள்ள கவர் என்றால் அதுவே சென்சாரைக் குழப்பும். ஸ்பீக்கரையும் தள்ளி வையுங்கள்.

நேர்மை_ஆட்டக்காரன்: ரேபிட் டிரிகரே ஏமாற்று வேலை. கவுண்டர்-ஸ்ட்ரைக்கை உருவாக்கிய வால்வ் நிறுவனம் தடை செய்த பிறகும் ஏன் பயன்படுத்துகிறீர்கள்?

கீகேப்_பிரியன்: வால்வ் தடுத்தது அதை இல்லை. 2024 ஆகஸ்டில் தன் அதிகாரபூர்வ சர்வர்களில் தடுத்தது ரேசர் நிறுவனக் கீபோர்டுகளின் ஸ்நாப் டேப் போன்ற வசதிகளை. அதில் ஏ-வை விடாமல் டி-யை அழுத்தினாலும் கீபோர்டே ஏ-வை விட்டதாக அனுப்பிவிடும். ரேபிட் டிரிகர் அப்படி எதையும் சேர்ப்பதில்லை. விரல் கொஞ்சம் எழும்பினால் விட்டதாகக் கணக்கு, கொஞ்சம் இறங்கினால் அழுத்தியதாகக் கணக்கு. விரல் செய்யாத எதையும் அது செய்யாது.

நேர்மை_ஆட்டக்காரன்: சாதாரண கீபோர்டு வைத்திருப்பவனுக்கு அந்த வேகம் கிடைக்காதே? காசு உள்ளவன் முந்துகிறான். எனக்கு இது சரியாகப் படவில்லை.

கீகேப்_பிரியன்: அப்படிப் பார்த்தால் படத்தை வேகமாகப் புதுப்பிக்கும் 240 ஹெர்ட்ஸ் மானிட்டரையும் தடுக்க வேண்டும். கேமர், ஒன்று கேட்க மறந்தேன். சுவிட்ச் ஏதாவது மாற்றினீர்களா?

தூத்துக்குடி_கேமர்: ஆமாம், டபிள்யூவுக்கு மட்டும். லேசான ஸ்பிரிங் உள்ள சுவிட்ச், நண்பனிடம் வாங்கினேன். கச்சிதமாகத்தான் உட்கார்ந்தது.

சுவிட்ச்_வாத்தியார்: இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். சுவிட்சுக்குச் சுவிட்ச் காந்தத்தின் பலம் வேறு. உங்கள் போர்டு இன்னும் பழைய காந்தத்தின் எண்ணையே வைத்திருக்கிறது. புதியது பலமானதாக இருந்தால், சும்மா இருக்கும்போதே கீ கொஞ்சம் இறங்கியதாக அதற்குத் தெரியும். 0.1 வைத்தவருக்கு அது அழுத்தம்தான். (துருவம் மாறியிருந்தால் பல போர்டுகளில் கீ வேலையே செய்யாது. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.) போனை எடுத்துவிட்டு மென்பொருளில் கேலிபரேஷனைத் தொடங்குங்கள். முதலில் எந்தக் கீயையும் தொடாதீர்கள். அப்புறம் ஒவ்வொன்றாக, மெதுவாக, அடிவரை அழுத்தி விடுங்கள். சேமியுங்கள். ஆக்சுவேஷனை 0.5-க்கு ஏற்றுங்கள், ரேபிட் டிரிகர் 0.2 போதும்.

தூத்துக்குடி_கேமர்: கேலிபரேஷன் செய்தேன், நின்றுவிட்டது. மேட்ச் தொடங்குகிறது. நன்றி அண்ணா.

மொட்டைமாடி: ஆக்சுவேஷனையும் மாற்றினீர்களா, இல்லை 0.1-இலேயே நின்றதா?

பட்டறை_பாபு: தண்டையும் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

இரவு_ரவுண்டு: எனக்கு ஸ்பேஸ் பாரில் இதே பிரச்சினை. சுவிட்ச் மாற்றவில்லை. உதவுங்கள்.

சுவிட்ச்_வாத்தியார்: மாடல், ஆக்சுவேஷன், ஃபர்ம்வேர் பதிப்பு. மூன்றையும் எழுதிப் புது இழை தொடங்குங்கள்.