பொதுநோக்கு மண்டபத்தில பிள்ளையளுக்கு கராத்தே வகுப்பு: என்னத்தைப் பாத்து ஓம் சொல்லலாம்?

வாய்க்கால்கரை:

கிளிநொச்சிப் பக்கம், ஏ9 றோட்டில இருந்து உள்ளுக்க இருக்கிற கிராமம். எங்கட சனசமூக நிலையத்திட்ட, பொதுநோக்கு மண்டபத்தில கிழமைக்கு ரெண்டு பின்னேரம் கராத்தே வகுப்பு நடத்தலாமோ எண்டு ஒரு மாஸ்டர் கேட்டிருக்கிறார். 6 வயதில இருந்து 13 வரை ஒரு 30 பிள்ளையள் சேருவினம் போல கிடக்கு. அவர் தந்த கடதாசியில ஒழுக்கம், தன்னம்பிக்கை, தலைமைத்துவம், ஞாபகசக்தி எல்லாம் வளரும் எண்டு நீட்டுக்குப் போட்டிருக்கு.

அம்மாமார் ரெண்டு கட்சி. ஒரு பகுதி, "குழப்படி குறையும், விடுங்கோ." மற்றப் பகுதி, "அடிபடப் பழக்கிப்போட்டுப் பேந்து ஆர் அடக்கிறது?" புலமைப்பரிசில் எடுக்கிற பிள்ளையளின்ர வீட்டில ரியூசன் நேரம் போகுதெண்ட கவலை வேற.

குணம் வளருது எண்டால் அது வகுப்பில எந்த இடத்தில நடக்குது? முதல் நாள் போய் நிண்டு பாத்தால் என்னத்தைக் கவனிக்க வேணும்? பழக்கிற ஆக்கள் ஆரும் இருந்தால் சொல்லுங்கோ.

பாலையடி:

அந்தக் கடதாசியை மடிச்சு வைச்சிட்டு வகுப்பைப் பாருங்கோ. குத்தும் உதையும் தன்பாட்டில ஒண்டையும் வளர்க்காது. சின்னச் சின்னக் காரியங்களைப் பிள்ளை தானே செய்து, பிழைச்சு, திரும்பச் செய்யிற இடங்களில தான் விசயம் கிடக்கு.

முதல் இடம் இடுப்புப்பட்டி. நடுவைத் தொப்புளுக்குக் கீழ வைச்சு, ரெண்டு தலைப்பையும் பின்னால கொண்டுபோய் மாத்தி முன்னுக்குக் கொண்டுவர வேணும். மேலால வாற தலைப்பை ரெண்டு சுத்துக்கும் கீழால விட்டு மேல எடுத்து, மற்றதோட முடிய வேணும். ரெண்டாவது முடிச்சை முதலாவது போன அதே பக்கத்துக்குப் போட்டால் தலைப்பு ரெண்டும் மேலும் கீழுமாத் தொங்கும், அரை மணித்தியாலத்தில அவிழும். எதிர்ப்பக்கம் போட்டால் வடிவாப் படுத்திருக்கும். ஆறு வயதுப் பிள்ளைக்கு இது பிடிபட மூண்டு, நாலு கிழமை செல்லும். அந்த மூண்டு நாலு கிழமையும் அம்மா வாசலில நிண்டு கட்டிவிட்டால் பட்டி மட்டும்தான் கட்டுப்படும். மாஸ்டர் பொறுமையா "அவிழ், திரும்ப" எண்டு சொல்லிப்போட்டு நிக்கிறாரோ எண்டு பாருங்கோ.

ரெண்டாவது, ஜோடிப் பயிற்சி. கோகொன் குமித்தே எண்டு ஒண்டு இருக்கு. ஒராள் ஐஞ்சு அடி முன்னுக்கு வந்து ஐஞ்சு குத்து, மற்றாள் ஐஞ்சு தரம் தட்டிப் பின்வாங்கி கடைசியில ஒண்டு திருப்பிக் குத்துறது. எங்க குத்தப்போறன் எண்டு முதலே சத்தமாச் சொல்ல வேணும்: 'ஜோடான்' எண்டால் முகம், 'சூடான்' எண்டால் நெஞ்சு வயிறு. முட்டி ஆளில படாமல் ரெண்டு விரல் இடைவெளியில நிக்க வேணும். அடக்கம் எண்டு சொல்லுறது இந்த ரெண்டு விரலுக்குள்ள தான் பழகுப்படுது.

பிழைக்கிறது ரெண்டு விதம். பயந்த பிள்ளை ஒரு முழம் தள்ளியே குத்தை நிப்பாட்டும். அப்ப எதிரில நிக்கிற பிள்ளைக்குத் தட்ட ஒண்டுமில்லை, அதுவும் பழகாது. மற்றது, 12 வயதுப் பெடியனை 7 வயதோட விடுறது. கை நீளம் வேற எண்டபடியால் ரெண்டு பேருக்கும் தூரம் பிடிபடாது. குத்து பட்டுப்போனால் அடிச்ச பிள்ளை நிண்டு, "நொந்ததோ?" எண்டு கேட்டு, வணங்கிப்போட்டு முதலாம் அடியில இருந்து துடங்க வேணும். தண்டால் எடுக்க விடுற மாஸ்டர்மார் இருக்கினம். தண்டனைக்குப் பயந்த பிள்ளை பிழையை ஒளிக்கத்தான் பழகும்.

மூண்டாவது, கட்டா, அதாவது ஒழுங்கு மாறாமல் தனிய செய்யிற அசைவுத் தொடர். ஹெயன் சோடன் எண்ட முதல் கட்டாவில 21 அசைவு, துடங்கின இடத்திலயே முடிய வேணும். துடங்கிற இடத்துக்குப் பக்கத்தில ஒரு சிரட்டையைக் கவிட்டு விடுங்கோ. பிள்ளையள் மேல் தட்டு மூண்டுக்கும் எட்டைச் சின்னனா வைப்பினம், திரும்பி வாற மூண்டு குத்துக்கும் ஆவேசத்தில பெரிசா வைப்பினம், முடியேக்க சிரட்டையைத் தாண்டிப்போய் நிப்பினம். ஒருத்தரும் ஏசத் தேவையில்லை, சிரட்டையைப் பாத்தவுடன தனக்கே விளங்கும். அடுத்த முறை காலைத் தானே அளந்து வைக்கும்.

ஹெயன் எண்டும் பினான் எண்டும் சொல்லுற இந்த ஐஞ்சு கட்டாவும் 20ஆம் நூற்றாண்டின்ர துடக்கத்தில இதோசு அங்கோ எண்ட கராத்தே ஆசான் ஜப்பானின்ர ஒக்கினாவாத் தீவுப் பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கெண்டு ஒழுங்குபடுத்தினவை. பிள்ளையளுக்கு ஏத்ததெண்டு சும்மா சொல்லேல்லை.

30 பேரையும் ஒண்டா விடாதேங்கோ. 6 தொடக்கம் 8 வரை 40 நிமிசம், பேந்து பெரியாக்கள் ஒரு மணித்தியாலம். சின்னனுகளில 12, 15 பேருக்கு ஒரு வளர்ந்த ஆள் வேணும். வரிசையில நிண்டு தன்ர முறைக்குப் பாத்துக்கொண்டிருக்கிற நேரம் குத்துற நேரத்தை விடக் கூடினால், அங்கதான் குழப்படி துடங்கும்.

நொச்சி:

பாலையடி அண்ணை சொன்னதுக்கு ஆய்வும் ஒத்துப்போகுது, ஆனா ரெண்டு பக்கத்தையும் பாக்க வேணும். 2004 இல லேக்ஸ், ஹொயிற் எண்ட ரெண்டு ஆய்வாளர் அமெரிக்காவில ஒரு பாடசாலையில பாலர் வகுப்பில இருந்து 5ஆம் வகுப்பு வரையான பிள்ளையளை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பகுதிக்கு வழமையான உடற்கல்வியும் மற்றதுக்கு தேக்வொண்டோ எண்ட கொரியச் சண்டைக்கலையும் மூண்டு மாதம் குடுத்துப் பாத்தவை. தேக்வொண்டோப் பிள்ளையளிட்ட தன்னைத் தானே அடக்கிக்கொள்ளுற தன்மை கூடியிருந்தது.

அடுத்த வருசம் நோர்வேயில எண்ட்ரெசனும் ஒல்வெயஸும் வெளியிட்டது நேர்மாறு. குத்துச்சண்டை, மல்யுத்தம், பாரம் தூக்கல், கிழக்கத்தியச் சண்டைக்கலை இதுகளில ஈடுபட்ட பெடியளிட்ட வெளியில முரட்டுத்தனமும் ஒழுங்கீனமும் கூடினதாக் கண்டினம். பாரம் தூக்கிறதில எதிராளியே இல்லை, அதிலயும் கூடினதெண்டால் காரணம் குத்தில இல்லை. கூடித்திரியிற ஆக்களும் 'நான் பலசாலி' எண்ட கதையும் தான் எண்டு நான் விளங்கிக்கொள்ளுறன்.

அப்ப உங்கட ரெண்டு கட்சி அம்மாமாரும் சரி. ஆர், எப்பிடி நடத்துறார் எண்டதுதான் பிரிக்குது. ஞாபகசக்தி கூடும், புலமைப்பரிசில் பாசாகும் எண்டு ஆரும் சொன்னால் நம்பாதேங்கோ. 40 நிமிசம் ஓடியாடிப்போட்டு வாற பிள்ளை கொப்பியோட கொஞ்சம் அமைதியா இருக்கும், அவ்வளவுதான். பரீட்சைக்கு முதல் ஒரு மாதம் கிழமைக்கு ஒரு நாளாக் குறைச்சு விடுங்கோ. முழுசா நிப்பாட்டினால் கனபேர் திரும்பி வராயினம்.

வாய்க்கால்கரை:

நன்றி அண்ணை, நன்றி நொச்சி. இன்னும் ரெண்டு. பள்ளிக்கூடத்தில ஒருத்தன் அடிச்சால் கராத்தே பழகிற பிள்ளை என்ன செய்யிறது? மற்றது, இஞ்ச 'பயிற்சி' எண்ட சொல்லைக் கேட்டாலே முகம் மாறுற பெற்றோர் இருக்கினம். அதுக்கு என்ன செய்யலாம்?

பாலையடி:

ரெண்டாவதை முதல் சொல்லுறன், எங்கட இடத்தில அதுதான் பெரிசு. பிள்ளையள் 2009 இல சண்டை முடிஞ்ச பிறகு பிறந்ததுகள், ஒண்டும் தெரியாது. தாய் தேப்பனுக்குத் தெரியும். வரிசை, கட்டளை, ஒரே உடுப்பு, சத்தம் எல்லாம் அவைக்கு வேற எதையோ கொண்டுவரும். அதைப் பிழை சொல்லாதேங்கோ. வகுப்பு எண்டு சொல்லுங்கோ, 'பயிற்சி' எண்டு பலகை போடாதேங்கோ. கதவு யன்னல் திறந்து கிடக்கட்டும், முதல் மாதம் விரும்பின பெற்றோர் உள்ளுக்க வாங்கில இருக்கட்டும். இலக்கம் சொல்லி எண்ணினால் காணும், விசிலும் அணிநடையும் தேவையில்லை. கண்ணை மூடி இருக்கிற மொகுசோவில மூட விரும்பாத பிள்ளை நிலத்தைப் பாத்துக்கொண்டிருக்கலாம். கியாய் எண்டு கத்த வெக்கப்படுறதை, பயப்படுறதை வற்புறுத்தக் கூடாது. ரெண்டு மூண்டு மாதத்தில தானே கத்தும், பேந்து நிப்பாட்டிறதுதான் கரைச்சல்.

அடிபாட்டுக்கு வருவம். ஒழுங்கு நாலு: "விடு!" எண்டு பலத்துச் சொல்லுறது, ரெண்டு அடி விலகிறது, ஆக்கள் நிக்கிற பக்கம் போறது, பெரியாளிட்டச் சொல்லுறது. இதையும் குத்துப் போல வகுப்பில நடிச்சுப் பழக்க வேணும். வாயால சொல்லிவிட்டால் அந்த நேரத்தில வராது. கையைப் பிடிச்சால், பிடிச்ச கையின்ர பெருவிரலும் மற்ற விரலுகளும் சந்திக்கிற இடைவெளிப் பக்கமாத் தன்ர மணிக்கட்டைத் திருப்பி இழுக்க வேணும். பிடியில பலம் குறைஞ்ச இடம் அதுதான். நேரா பின்னுக்கு இழுத்தால் பெரிய பெடியன் விடமாட்டான்.

சிலம்படி:

கராத்தே தான் வேணும் எண்டில்லை. சிலம்பம் தெரிஞ்ச ஆள் பக்கத்தில இருந்தால் அதையும் யோசியுங்கோ. உடுப்புச் செலவு இல்லை, பட்டி மாத்திற நிலைத்தேர்வுக்குக் காசு இல்லை. ஒரு கம்பு, அவ்வளவுதான். உயரம் பிள்ளையின்ர புருவம் வரை, தடிப்பு பிள்ளையின்ர பெருவிரலளவு. பிரம்பு எண்டால் நல்லது (பிரம்பைக் கண்டால் பள்ளிக்கூட ஞாபகத்தில முதல் நாள் ரெண்டு பேர் பின்னால போய் நிப்பினம்). மூங்கில் எண்டால் ஒவ்வொரு நாளும் ஒரு சீலையால உருவிப் பாக்க வேணும். சீலை பிடிச்சால் அந்த இடத்தில சிலும்பு கிளம்பியிருக்கு, அந்தக் கம்பை அண்டைக்கு எடுக்கக் கூடாது.

முதல் ஒரு மாதம் வெறுங்கையோட காலடி மட்டும். அவசரப்பட்டுக் கம்பைக் குடுத்தால் கால் ஒரு இடத்தில நிக்க கை மட்டும் சுழலும், கம்பு தன்ர கணுக்காலிலயும் காதிலயும் தான் விழும். கம்பு வந்த பிறகு பொதுவா வாற பிழை இறுக்கிப் பிடிக்கிறது. உள்ளங்கை கொப்பளிக்கும், சுத்து மெதுவாகும். பெருவிரலும் சுட்டுவிரலும் பிடிக்க, மற்ற மூண்டும் திறந்து மூட வேணும். கண் கம்பின்ர நுனிக்குப் போனால் தலை சுத்தும், எதிரில ஒரு புள்ளியைப் பாக்கச் சொல்லுங்கோ.

கம்பு சுத்த ஒரு பிள்ளைக்கு 4 மீற்றர் அகலம் வேணும். 40 அடிக்கு 20 அடி மண்டபத்தில ஒரே நேரம் மூண்டு பேர் தான். மிச்சம் சும்மா இருக்கப்படாது: ஒவ்வொரு சுத்துகாரனுக்கும் ஒரு எண்ணுகாரன். வலக்கை 50, இடக்கை 50, பிழையா எண்ணினால் திரும்ப. மற்றவன்ர வேலையைக் கவனமாப் பாக்கிற குணம் அந்த எண்ணுற பிள்ளைக்குத் தான் வருது, இது ஒருத்தரும் விளம்பரத்தில போடுறேல்லை.

மாதர்சங்கம்:

நீங்கள் எல்லாரும் நுட்பம் கதைக்கிறியள், நான் வேற பக்கத்தைச் சொல்லுறன். எந்த நேரமும் ரெண்டு வளர்ந்த ஆக்கள் இருக்க வேணும், ஒராள் பொம்பிளை. தனி வகுப்பு, மாஸ்டரின்ர மோட்டச்சைக்கிளில ஏத்தி இறக்கிறது, பிள்ளையளுக்குத் தனியாப் போனில செய்தி, இது மூண்டும் இல்லை எண்டு எழுத்தில வாங்குங்கோ. நிலையைத் திருத்தேக்க கேட்டுப்போட்டுத் தான் தொட வேணும். "தொடவேண்டாம்" எண்டு சொல்ல ஏலாத வகுப்பில தன்னம்பிக்கை எங்கயிருந்து வாறது? உடுப்பு வீட்டில மாத்திக்கொண்டு வரட்டும். 1929 சிறுவர் உதவி இலக்கத்தை மண்டபச் சுவரில பிள்ளையின்ர கண் மட்டத்தில ஒட்டுங்கோ.

பெம்பிளைப் பிள்ளையள் 11, 12 வயதோட, சாமத்தியப்பட்ட கையோட நிண்டுபோறது வழமை. கன வீட்டில காரணம் வெள்ளை உடுப்புத் தான், வாய்விட்டுச் சொல்லாயினம். கறுப்பு அல்லது நீலக் காற்சட்டை போடலாம் எண்டு முதல் நாளே எல்லாருக்கும் பொதுவா அறிவிச்சு விடுங்கோ.

நேரம் 4 மணிக்கு வைக்காதேங்கோ. தகரக் கூரைக்குக் கீழ சித்திரை, வைகாசியில அவிஞ்சு போகுங்கள். மண்டபத்துக்கு வெளியில மரநிழல் இருந்தால் முதல் வகுப்பை அதில நடத்தலாம், நெருஞ்சியைக் கூட்டித் தள்ளிப்போட்டு. 15, 20 நிமிசத்துக்கு ஒருக்கா ரெண்டு மிடறு தண்ணி. தண்ணி கேட்ட பிள்ளையை "பொறு, மனவுறுதி" எண்டு நிப்பாட்டுற ஆளை அண்டைக்கே அனுப்பி விடுங்கோ. யானை வாற பக்கம் எண்டால் இருட்ட முதல் பிள்ளை வீட்ட நிக்க வேணும். சனி, ஞாயிறு காலமை 7 மணி எண்டால் இந்தப் பிரச்சினை ஒண்டுமில்லை, அறநெறி வகுப்போட முட்டாமல் பாத்துக்கொள்ளுங்கோ.

வாய்க்கால்கரை:

அக்கா, கறுப்புக் காற்சட்டை விசயம் எங்களுக்கு யோசனையே வரேல்லை, நன்றி. காலமை 7 மணியைக் கூட்டத்தில வைக்கிறன். கடைசிக் கேள்வி பாலையடி அண்ணைக்கு: நிலைத்தேர்வு மூண்டு மாதத்துக்கு ஒருக்கா, ரெண்டு வருசத்தில கறுப்புப்பட்டி எண்டு சொல்லுறார். சரியோ? மண்டபம் வெறும் சீமெந்து, படங்கு விரிச்சால் காணுமோ?

பாலையடி:

மூண்டு நாலு மாதத்துக்கு ஒருக்கா வைக்கிறது வழமை தான். ரெண்டு வருசக் கறுப்புப்பட்டி பிள்ளைக்கு இல்லை, ஒழுங்கா வந்தாலும் நாலு ஐஞ்சு வருசம் செல்லும். அவரிட்ட ஒரு கேள்வி மட்டும் கேளுங்கோ: "போன தேர்வில எத்தினை பேர் தவறினவை?" ஒருத்தரும் இல்லை எண்டால் அது காசுக்குப் பட்டி. தவறின பிள்ளைக்கு என்ன செய்தனீங்கள் எண்டும் கேளுங்கோ. தனியாக் கூப்பிட்டு, திருத்த வேண்டிய ஒரேயொரு விசயத்தைச் சொல்லி, ஒரு மாதத்தில திரும்பப் பாத்தன் எண்டால் நல்ல ஆள். மாதக் காசு, தேர்வுக் காசு, உடுப்பு, சங்க அங்கத்துவம், போட்டிப் பயணம் எல்லாத்தையும் ஒரு வருசத்துக்குக் கூட்டி எழுதித் தரச் சொல்லுங்கோ.

படங்கு கூடவே கூடாது. வேர்வை பட்டால் வழுக்கும், மடிஞ்ச இடத்தில கால் தடக்கும். குத்து, தட்டு, கட்டாவுக்கு வெறும் சீமெந்து காணும், மணல் இல்லாமல் ஈரச்சீலையால துடைச்சு விட்டால் சரி. விழப் பழக்கிறதுக்கு மட்டும் மெத்தை வேணும். இல்லாட்டி பள்ளிக்கூடத்து நீளம் பாய்தல் மணல்குழியைக் கேட்டு வாங்குங்கோ, முதல் கிளறிக் கல்லுப் பாக்க வேணும். நாடி நெஞ்சோட ஒட்டி, குந்தின நிலையில இருந்து பின்னால உருண்டு, ரெண்டு கையும் உடம்பில இருந்து 45 பாகைக்கு விரிஞ்சு நிலத்தில அறைய வேணும். கையைப் பின்னால ஊண்டினால் மணிக்கட்டு உடையும், பிள்ளையள் முதல் செய்யிறதே அதுதான்.

சீமெந்தில முட்டியால தண்டால், ஓடு உடைக்கிறது, முதுகில ஏறி நிண்டு காலை விரிக்கிறது இதுகள் 13 வயதுக்குக் கீழ வேண்டாம். எலும்பு வளருற நுனிகள் இன்னும் இறுகேல்லை. தலையில அடிபட்டால் "சுகமா இருக்கு" எண்டு பிள்ளை சொன்னாலும் அண்டைக்கு மிச்ச வகுப்பு இல்லை, சத்தி, தலையிடி, நித்திரைத் தூக்கம் இருந்தால் நேரா ஆசுப்பத்திரி. வகுப்புக்கு முதல் கைநகம், கால்நகம் பாக்க மறக்காதேங்கோ, நகத்தாலயும் காயம் வாறது.