பாலியில் வாங்கிய ஓவியங்களை ஊருக்குக் கொண்டுவந்து சட்டம் போடுவது எப்படி?

கானாடுகாத்தான் மருமகள்:
விடுமுறைக்குப் பாலித் தீவுக்கு வந்திருக்கிறோம். இங்குள்ள உபுது என்ற ஊரில் நெல்வயல்களை வரைந்த ஒரு பெரிய கேன்வாஸ் ஓவியமும், தாளில் வரைந்த இரண்டு சிறிய நீர்வண்ணப் படங்களும் வாங்கியுள்ளோம். கேன்வாஸை மரச்சட்டத்திலிருந்து கழற்றி, சுருட்டிக் குழாயில் போட்டுத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். சுருட்டினால் வண்ணம் வெடித்துவிடுமோ என்று என் மாமியார் அஞ்சுகிறார். கோலாலம்பூர் வழியாகத் திருச்சியில் இறங்குகிறோம். காரைக்குடியில் சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடைகளிலேயே இவற்றைக் கொடுக்கலாமா?

தேவகோட்டைப் பயணி:
தயங்காமல் கழற்றச் சொல்லுங்கள். சட்டத்தோடு எடுத்துவந்தால் கையோடு வைக்க விமானத்தில் இடமிராது; சரக்கில் போட்டால் ஏதாவதொரு பெட்டியின் மூலை கேன்வாஸைக் குத்திவிடும். அந்த மரத்தில் உளு இருந்தால் அதையும் சேர்த்துத் தேக்குத் தூண்கள் நிற்கும் வீட்டுக்குள் கொண்டுவருவானேன்?

வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படிதான் சுருட்ட வேண்டும். பாதுகாப்பு என்று எண்ணிப் பலர் அதை உள்ளே வைத்துச் சுருட்டுகிறார்கள். அப்போது வண்ணப் படலம் நெருக்குண்டு மடிந்து உதிரக்கூடும். குழாய் எவ்வளவு பருமனோ அவ்வளவு நல்லது. எண்ணெய் வண்ணமாயின் எப்போது வரைந்தது என்று கேளுங்கள், ஏனெனில் தொட்டால் உலர்ந்ததுபோல் இருந்தாலும் முழுதும் காய மாதக்கணக்கில் ஆகும். பபிள் ரேப்பை நேராகச் சுற்றினால் வண்ணத்தில் வட்ட வட்டமாகத் தடம் பதியும். இடையில் பட்டர் பேப்பர் வையுங்கள். சிறிய படங்களைச் சுருட்டாமல் இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்துக்கொள்ளலாம். சுங்கத்தில் கேட்டால் காட்டுவதற்கு ரசீது கைப்பையில் இருக்கட்டும்.

காரைக்குடி பிரேம்கடை:
கொடுக்கலாம் ஆச்சி, ஆனால் சொல்லிக் கொடுக்க வேண்டும். சாமி படத்தைப் பிளைவுட்டில் ஃபெவிகால் தடவி ஒட்டுவது கடைகளில் வழக்கம். அச்சுப்படத்துக்கு அது போதும், கையால் வரைந்ததற்கு ஆகாது. கேன்வாஸுக்கு நன்கு பதப்பட்ட மரத்தில் உள்சட்டம் செய்து, மூலைகளில் ஆப்பு வைக்க இடம் விடச் சொல்லுங்கள். பின்னாளில் தொய்ந்தால் ஆப்பைத் தட்டி இறுக்கிக்கொள்ளலாம். நான்கு பக்கமும் நடுவில் தொடங்கி மூலைகளை நோக்கி இழுத்து அடிக்க வேண்டும். அதற்குக் கண்ணாடி வேண்டாம்.

தாள் படங்களுக்குக் கண்ணாடி அவசியம், ஆனால் அது தாளைத் தொடக்கூடாது. இடைவெளிக்காகப் படத்தைச் சுற்றி அமிலமில்லாத மவுண்ட் அட்டை கொடுத்து, படத்தின் மேல்விளிம்பை மட்டும் கோதுமைப் பசையால் பிடிக்க வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் உள்ள பழைய ரவிவர்மா அச்சுப்படங்களின் பின்பக்கத்தைப் பாருங்கள்: முதுகில் வைத்த பலகையின் அமிலம் ஏறியே பல படங்கள் பழுப்பேறியிருக்கின்றன.

கானாடுகாத்தான் மருமகள்:
அண்ணே, எங்கள் வீட்டுப் பட்டாலையின் (கூடத்தின்) வெளிச்சுவர் ஐப்பசி, கார்த்திகையில் ஓதம் காக்கிறது. அங்கே மாட்டலாமா?

காரைக்குடி பிரேம்கடை:
வேண்டாம் ஆச்சி, உள்சுவரில் மாட்டுங்கள். அங்கும் காற்றோடுவதற்குச் சட்டத்தின் பின்மூலைகளில் கார்க் துண்டு ஒட்டிக்கொள்வது நல்லது. முற்றத்து வெயில் விழும் இடத்தில் நீர்வண்ணம் விரைவில் வெளுத்துவிடும்; அவ்விரண்டையும் உள்ளறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரில் புதிதாக ஆணி அடித்தால் பூச்சு சில்லுச் சில்லாகப் பெயரும், அதைச் சரிசெய்ய இப்போது ஆள் கிடைப்பது அரிது. பழைய கொக்கிகள் இருந்தால், பாரம் தாங்குமா என்று பார்த்து அவற்றிலேயே மாட்டுங்கள்.