ஜெபக்குறிப்பு என்று நினைத்துச் சொன்னேன், இப்போது அந்த அம்மா கோவிலுக்கே வருவதில்லை

சூரமங்கலம்_தையலக்கா கேட்டது:

எல்லாருக்கும் தோத்திரம். தப்பு என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பத்து வருடமாக என்னோடு ஒரே பெஞ்சில் உட்காரும் ஒரு அம்மா. மூத்த பையன் பத்தாம் வகுப்பு. ஜூன் மாதத்திலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. யூனிபார்ம் போட்டு, ஷூ லேஸ் கட்டி, வாசற்படி வரைக்கும் வந்து அப்படியே உட்கார்ந்துவிடுவானாம். கட்டாயப்படுத்தினால் படபடப்பு, வாந்தி. மற்ற நேரமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் விட்டெறிந்திருக்கிறான். ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த இடத்தில், என்னிடம் மட்டும் அழுதுகொண்டே சொன்னார்.

நான் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லி, "அந்தப் பிள்ளைக்காக ஜெபிப்போம்" என்றேன். தட்டு எறிந்ததையும் சேர்த்து. ஞாயிறு ஆராதனை முடிந்து அவர் செருப்பு மாட்டுவதற்குள் மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். "போனைக் கொடுத்து கெடுத்துட்டீங்க." "வீட்ல குடும்ப ஜெபம் உண்டா?" மூன்றாமவர் பிசாசு என்றே சொல்லிவிட்டார். இன்றோடு நாலு வாரம், அவர் வரவில்லை. என் போனையும் எடுப்பதில்லை.

மன்னிப்பு கேட்கத்தான் போகிறேன். அதற்குமேல் எது உதவி, எது தொந்தரவு? இந்தப் பாதையில் நடந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜெயக்கொடி77:

21 நாள் உபவாச ஜெபம் வையுங்கள் சிஸ்டர். டாக்டர், மாத்திரை என்று போனால் பிள்ளை அதற்கே அடிமையாகிவிடுவான்.

மலைமேல்_ஒரு_அம்மா:

அக்கா, நான் ஏற்காடு. என் மகளுக்குப் பதிமூன்று வயதில் ஆரம்பித்தது, இப்போது பதினேழு. அந்த அம்மா உட்கார்ந்திருக்கும் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் மேலே உள்ள பிரதருக்கு. ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன், மாத்திரையில் மட்டும் கைவைக்காதீர்கள். என் மகளுக்குக் கொடுத்தது தூக்க மாத்திரை அல்ல. பலன் தெரியச் சில வாரம் ஆகும், ஆரம்பத்தில் குமட்டல் வரலாம் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். சரியாக அந்தக் குமட்டல் வாரத்தில் ஒருவர் வீட்டுக்கு வந்து, "விசுவாசம் இருந்தால் நிறுத்துங்கள்" என்றார். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினோம். அடுத்த பதினைந்து நாள் பட்டதை இங்கே எழுத மாட்டேன்.

எங்களுக்குக் கைகொடுத்தது, காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்த ஒரு தாத்தா. பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போக சேலத்துக்கு இறங்க வேண்டும். நெரிசல் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவு அவளால் முடியாது, இரண்டாவது வளைவிலேயே இறக்கிவிடு என்று கத்துவாள். தாத்தா தன் ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. அவள் சீட்டைத் தட்டினால் ஓரம்கட்டி, இஞ்சினை அணைத்துவிட்டு, இறங்கி நின்று குரங்குகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவளாக "போலாம்" என்று சொல்லும்வரை ஏற மாட்டார். ஒருமுறை கீழே போய்ச் சேர இரண்டேகால் மணி நேரம் ஆனது. ஓ.பி. வரிசையில் எனக்காக நின்றதும் அவர்தான். எங்களுக்காக ஜெபம் பண்ணினாரா, தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் கடைசி பெஞ்சில் தூங்குவார், அது தெரியும்.

வேதத்தில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே, போதும் ஆண்டவரே என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று படுத்திருந்தாரே. தூதன் வந்து ஏன் இப்படி என்று கேட்டானா? அடையும் தண்ணீரும் வைத்தான். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார், தூங்கவிட்டான். நம் ஆட்கள் மட்டும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வசனத்தை ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அந்த அம்மாவுக்குச் சின்னப் பிள்ளை இருந்தால் அதைக் கவனியுங்கள். நாங்கள் பெரியவள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தபோது, சின்னவனுக்கு நோட்டுக்கு அட்டை போடக்கூட ஆளில்லை. ஒரு வருடம் அவன் தன் பிறந்தநாளை எங்களுக்கு நினைவுபடுத்தவே இல்லை.

பையன் சாகலாம் போலிருக்கிறது என்று வாய்விட்டால் மட்டும் யார் என்ன நினைப்பார்களோ என்று தயங்கக் கூடாது, தனியாக விடாமல் உடனே ஆஸ்பத்திரி. நடுராத்திரியில் யாரிடமாவது பேசவேண்டும் என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. பெற்றோரும் கூப்பிடலாம். நானே கூப்பிட்டிருக்கிறேன், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு.

பழைய_வாத்தியார்:

தையலக்கா, 2017 மனநலச் சட்டத்தில், சிகிச்சைக்கு வருபவரின் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று டாக்டருக்கே கட்டுப்பாடு இருக்கிறது. நாம் அதை மைக்கில் சொல்கிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்புறம், அந்தப் பெற்றோரின் பாதிக் கவலை பொதுத்தேர்வாக இருக்கும். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராகவும் எழுதலாம், இந்த வருடம் போனால் அடுத்த வருடம். அதை அவர்கள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். நீங்களாகப் போய் ஆரம்பிக்காதீர்கள்.

சூரமங்கலம்_தையலக்கா:

மலைமேல் இருக்கும் தங்கச்சிக்கு நன்றி. உங்கள் பதிலை மெஷின் முன்னால் உட்கார்ந்தே மூன்று தடவை படித்தேன்.

இன்று சாயங்காலம் போனேன். அந்தப் பையனுக்குத் தட்டுவடை செட் என்றால் உயிர். செட்டாகக் கட்டி எடுத்துப்போனால் நமுத்துவிடும், அதனால் தட்டுவடை தனி, பீட்ரூட் கேரட் துருவல் தனி, இரண்டு சட்னியும் தனித்தனி டப்பாவில். கூடவே ஒரு சீட்டு: "நான் சொல்லியிருக்கக் கூடாது. மன்னித்துக்கொள்ளுங்கள். பதில் வேண்டாம்." பையை கேட்டில் மாட்டிவிட்டு, காலிங்பெல் அடிக்காமல் வந்துவிட்டேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது சின்னவள் எட்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் மூன்றாம் வகுப்பு. சனிக்கிழமை டியூஷனுக்கு நான் கூட்டிப்போகட்டுமா என்று மெசேஜ் அனுப்பலாமா, இல்லை இன்னும் ஒரு வாரம் பொறுக்கட்டுமா?

மலைமேல்_ஒரு_அம்மா:

ஒரு வாரம் பொறுங்கள் அக்கா. டப்பாக்களைத் திருப்பிக் கேட்காதீர்கள்.