மறு: பிரேம் ரேற், ஷட்டர், சூம்: வெள்ளிக்கு முன் தமிழ் வேண்டும்

அனுப்புநர்: விளையாட்டு ரீச்சர், கொக்குவில்

எல்லோருக்கும் வணக்கம். பள்ளிக்கூடக் கரப்பந்து, வலைப்பந்து அணிகள் குறைந்த செலவில் தங்கள் ஆட்டங்களைப் பதிவு செய்து போட்டுப் பார்ப்பதற்கு என்ன வாங்கலாம் என்று இரண்டு பக்கக் கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். கைமாறிய பழைய கமரா ஒன்று வாங்குவதா, இருக்கிற போனையே தாங்கியில் பூட்டுவதா, எங்கே நின்று எடுப்பது, எல்லாம் எழுதியாயிற்று. முட்டுப்படுவது சொல்லில்தான். பிரேம் ரேற் (செக்கனுக்கு எத்தனை படம் எடுக்கிறது என்பது), ஷட்டர் ஸ்பீட் (ஒரு படத்துக்குக் கமரா எவ்வளவு நேரம் ஒளியை உள்ளே விடுகிறது என்பது), ஒப்டிக்கல் சூம், டிஜிற்றல் சூம், ரைப்பொட் (கமராவைப் பூட்டும் மூன்று கால் தாங்கி). இவற்றுக்குத் தமிழ்ச் சொல் வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளை வாசித்தவுடன் விளங்க வேண்டும். போன முறைபோல மூன்று கிழமை இழுக்காதீர்கள்.

அனுப்புநர்: இளைப்பாறிய பௌதிகவியல் ஆசிரியர், வட்டுக்கோட்டை

பிள்ளை, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பிரேம் சட்டகம், ரேற் வீதம். ஆகவே சட்டக வீதம்.

ஷட்டருக்குத்தான் நல்ல சொல் ஒன்று காத்திருக்கிறது: இமைப்பு. மாத்திரைக்கு அளவு சொல்ல வந்த தொல்காப்பியர் 'கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை' என்றார். ஒலியை அளக்க இமையை எடுத்தோம், ஒளியை அளக்கவும் அதையே எடுத்தால் என்ன குறை? ஆயிரத்தில் ஒரு செக்கன் இமைப்பு என்று சொல்லிப் பாருங்கள், வாய்க்கு எவ்வளவு சுகமாக வருகிறது!

அனுப்புநர்: வீடியோக்காரர், சுன்னாகம்

ஐயா, குறை நினைக்கவேண்டாம். 'சட்டக வீதம் 60' என்று எழுதினால் எங்கள் பெடியள் நூற்றுக்கு அறுபது என்றுதான் வாசிப்பார்கள். இங்கே பேப்பரில் '60 வீதம்' என்றால் அதுதானே பொருள். ஒருத்தன் கடைக்குப் போய் 'நூறு வீதம் உள்ள கமரா தாங்கோ' என்று கேட்டாலும் கேட்பான்.

பெயர்ச்சொல்லே வேண்டாம். 'செக்கனுக்கு 25 படம்', 'செக்கனுக்கு 50 படம்' என்று எழுதுங்கள், கணக்கும் தானாக விளங்கும். செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் ஒரு அடி வருகிறது என்று வையுங்கள். 25 படம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் பந்து 80 சென்ரிமீற்றர் போய்விடும். கோட்டின் அகலம் 5 சென்ரிமீற்றர். உள்ளேயா வெளியேயா என்று அந்த வீடியோவை வைத்துச் சொல்லவே முடியாது. 50 படம் என்றால் இடைவெளி 40. போனில் 240 வைத்தால் எட்டுச் சென்ரிமீற்றர் சொச்சம்.

ஷட்டரும் அப்படித்தான். ஐம்பதில் ஒரு செக்கன் திறந்திருந்தால் அதே பந்து 40 சென்ரிமீற்றர் நீளத்துக்கு இழுபட்ட வெள்ளைக் கோடு. ஆயிரத்தில் ஒன்று என்றால் இழுபடுவது இரண்டே சென்ரிமீற்றர், தையல்கூடத் தெரியும். ஆனால் பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு அப்படி வைத்தால் படம் இருட்டு. லைற் போட்டு ஆடினால் இன்னொரு சில்லெடுப்பு இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹேட்ஸ், சாதாரண விளக்கு செக்கனுக்கு நூறு தரம் கூடிக் குறையும். ஷட்டரை ஐம்பதில் ஒன்றாகவோ நூறில் ஒன்றாகவோ வைக்காவிட்டால் படம் மினுங்கும். ரீச்சர், இதைக் கட்டாயம் கையேட்டில் போடுங்கோ.

அனுப்புநர்: தமிழாசிரியர், உரும்பிராய்

தம்பி சொன்ன கணக்கு அருமை. ஆனால் 'செக்கன்' எந்த ஊர்ச் சொல்? வடசொல்லுக்கே வடவெழுத்தை விலக்கி எழுதச் சொன்ன மரபு நம்முடையது. நொடி இருக்க, இல்லை விநாடி இருக்க, செக்கன் எதற்கு?

அனுப்புநர்: இளைப்பாறிய பௌதிகவியல் ஆசிரியர், வட்டுக்கோட்டை

விநாடியா? பஞ்சாங்கத்தை எடுத்துப் பாருங்கள். நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாடி. நாழிகை 24 நிமிடம் என்றால் விநாடி 24 செக்கன். 'விநாடிக்கு 60 படம்' என்று அச்சடித்தால் செக்கனுக்கு இரண்டரைப் படம்தான் தேறும்! நொடியோ, கைநொடிக்கும் பொழுது, ஒரு மாத்திரை. அதுவும் செக்கன் ஆகாது. நம் பாடநூலில் செக்கன் என்றே இருக்கிறது, விட்டுவிடுங்கள்.

அனுப்புநர்: கொழும்புத்துறையிலிருந்து போன ஒருவர், ரொறன்ரோ

ஐயா, இமைப்பில் எனக்கு ஒரு சந்தேகம். இமைத்தல் என்றால் மூடுதல். கமராவில் நாம் அளப்பது திறந்திருக்கும் நேரத்தை. நேர் எதிராக அல்லவா போகிறது? கண் இமையாதவர் என்பதால்தான் தேவர்களை இமையவர் என்கிறோம் என்று படித்திருக்கிறேன்.

அனுப்புநர்: தமிழாசிரியர், உரும்பிராய்

இமையவர் என்பது இமயத்தில் உறைபவர் என்பதால் வந்தது என்பாரும் உண்டு. தவிர, இமைத்தல் என்றால் ஒளிவிடுதலும்தான். விண்மீன் இமைக்கிறது என்கிறோமே, அது மூடுகிறதா? ஐயாவின் சொல்லுக்கு என் ஓட்டு.

(இதன்பின் இமயமா இமையா என்று ஏழு மடல். விரும்பியவர்கள் சேமிப்பில் பார்க்கலாம்.)

அனுப்புநர்: விளையாட்டு ரீச்சர், கொக்குவில்

இன்றைக்குப் புதன்.

அனுப்புநர்: கணினி ஆசிரியை, நல்லூர்

ரீச்சர் பாவம். போனில் திறந்து மூடும் ஷட்டர் என்று ஒரு பொருளே இல்லை, எல்லாம் மின்னணுவில் நடக்கிறது. நடப்பதை அப்படியே சொன்னால் 'ஒளிபடு நேரம்'. 'ஒளிபடு நேரத்தைக் குறை, பந்து தெளியும், படம் இருளும்' என்றால் பிள்ளைகளுக்குப் போதும்.

சூமுக்கு: ஒன்று வில்லை (லென்ஸ்) நகர்ந்து பெருக்குவது, மற்றது எடுத்த படத்தின் நடுவை வெட்டி ஊதிக் காட்டுவது. வில்லைப் பெருக்கம், வெட்டுப் பெருக்கம். ரைப்பொட்டுக்கு முக்காலி.

அனுப்புநர்: வீடியோக்காரர், சுன்னாகம்

வெட்டுப் பெருக்கத்துக்கு இரண்டு கையும் தூக்கினேன். கடையில் நாங்களே 'அது வெட்டின சூம் அண்ணை, ஏமாறாதேங்கோ' என்றுதான் சொல்லுவோம். பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கிற எண் அநேகமாக அதுதான். மைதானத்தின் அந்தக் கரையில் நிற்கிற பிள்ளையின் இலக்கம் தெரியவேண்டும் என்றால் வில்லைப் பெருக்கம் உள்ள பழைய கைக்கமராதான் போனைவிட நல்லது.

முக்காலி வேண்டாம். கொண்டுவரச் சொன்னால் குசினியில் இருக்கிற முக்காலியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

அனுப்புநர்: இளைப்பாறிய பௌதிகவியல் ஆசிரியர், வட்டுக்கோட்டை

பெருக்கம் உருப்பெருக்கத்தைக் குறிக்கும். சூம் என்பது குவியத்தூரத்தை மாற்றுவது. 'குவியத்தூர மாற்றம்' என்பதே சரி. ரைப்பொட் முக்கால் தாங்கி.

அனுப்புநர்: கொழும்புத்துறையிலிருந்து போன ஒருவர், ரொறன்ரோ

முக்கால் தாங்கினால் மிச்சக் கால்பங்கை யார் தாங்குவது ஐயா?

விளங்குமா விளங்காதா என்று இவ்வளவு பயப்படவும் வேண்டாம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 இலிருந்து ஆடுகிற கிரிக்கெற்றுக்குத் துடுப்பாட்டம் என்று பெயர் வைத்தோம். துடுப்பு தோணிக்காரருடைய சாமான். அதை மைதானத்துக்குள் கொண்டுவந்ததால் யாரும் வள்ளம் தேடி ஓடவில்லை. முக்காலியும் பழகும்.

அனுப்புநர்: விளையாட்டு ரீச்சர், கொக்குவில்

சரி, முடித்துக்கொள்கிறேன். 'செக்கனுக்கு இத்தனை படம்', ஒளிபடு நேரம், வில்லைப் பெருக்கம், வெட்டுப் பெருக்கம். ரைப்பொட் கமராத் தாங்கி என்று போகிறது, காலை யாரும் எண்ண வேண்டாம். முதல் தரம் வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் கடைச்சொல்லையும் தமிழ் எழுத்தில் போடுகிறேன், இல்லாவிட்டால் பிள்ளை கமராவின் மெனுவில் எதைத் தேடுவது? ஆறு பேர் சம்மதம், இரண்டு பேர் இல்லை, மற்றவர்கள் களைத்துவிட்டார்கள்.

அனுப்புநர்: வீடியோக்காரர், சுன்னாகம்

ஒரு வரி மட்டும் சேருங்கோ. ரிவியில் போட்டுப் பார்க்கும்போது 'மோஷன் சிமூதிங்' என்று ஒன்று இருக்கும், அதை நிறுத்த வேண்டும். இரண்டு படத்துக்கு இடையில் ரிவி தன்பாட்டில் ஒரு படத்தை இட்டுக்கட்டிச் செருகும். பந்து கோட்டில் பட்டதா என்று சண்டை பிடிக்கிற இடத்தில் அது பொய்ச்சாட்சி. வீடியோவைப் பென் டிரைவில் போடுகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பழைய முறையில் போர்மற் செய்த பென்னில் நாலு ஜிபிக்கு மேற்பட்ட பைல் ஏறாது, ஆட்டத்தைத் துண்டாக்கித்தான் ஏற்ற வேண்டும்.

அனுப்புநர்: இளைப்பாறிய பௌதிகவியல் ஆசிரியர், வட்டுக்கோட்டை

பிள்ளை, அச்சடியுங்கள், மறிக்கவில்லை. ஆனால் ஒளிபடு நேரம் விளக்கமே தவிரச் சொல் அல்ல. நான் இமைப்பு என்றே எழுதுவேன், கேட்பவர்களுக்கும் அப்படியே சொல்லுவேன். தம்பி சொன்ன அந்த ரிவி விவகாரத்துக்கு 'இடைச்செருகல்' பொருந்தும். பாட்டுக்குள் பாட்டைச் செருகினவர்களைப் பிடிக்க அந்தச் சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். உரும்பிராய் என்ன சொல்கிறது?