ஏழாம் மாதம், இன்னும் செக்கப் இல்லை: வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். தர்மபுரி பக்கம் ஒரு கிராமத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் காஜா எடுக்க வந்த பெண்ணுக்கு வயது 16. சொந்தத்திலேயே கோயிலில் தாலி கட்டி வைத்துவிட்டார்கள். இப்போது ஏழாம் மாதம். இதுவரை ஒரு ஸ்கேன் இல்லை, ஒரு இரும்புச்சத்து மாத்திரை இல்லை.

நேற்று வந்தாள். கால் வீங்கி செருப்பு வார் பதிந்திருந்தது. "தலை வலிக்குதுக்கா" என்றாள். எனக்குப் பகீரென்றது. இந்த வயதுப் பிரசவத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் ஆபத்து அதிகம். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் அவள் அம்மா கையெடுத்துக் கும்பிடுகிறார்: வயதைக் கேட்பார்கள், போக்சோ கேஸ் வரும், மருமகன் உள்ளே போய்விடுவான் என்று. வீட்டிலேயே பிரசவம் பார்க்கும் முடிவில் இருக்கிறார்கள். அந்தக் கல்யாணம் தப்புதான், நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் பிள்ளை உயிர் முக்கியம் இல்லையா?

கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தரும் தகவலில் டாக்டர் அவள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிரசவத்துக்கு வருபவளுக்கும் அது பொருந்துமா? வக்கீல்கள் யாராவது சொல்லுங்கள். கிராம சுகாதார செவிலியர்கள் இருந்தால், பிக்மி (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு) எண் வாங்க ஆதார் வயதைத்தான் பார்ப்பீர்களா? அப்புறம், அந்த அம்மாவிடம் பக்குவமாகப் பேச என்ன சொல்லலாம்? நாளைக் காலை பிரஷராவது பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகப் பார்க்கிறேன். இன்று இரவுக்குள் பதில் போட்டால் பெரிய உதவி.